பத்து நிமிடம் வெளியே நிற்கட்டும்

2002ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்தின் ஓர் அரையிறுதி, ஜூன் 25ஆம் தேதி சியோல் நகரில் நடந்தது. ஜெர்மனியும் தென் கொரியாவும் எழுபது நிமிடங்கள் ஆடியும் கோல் விழவில்லை. 71ஆவது நிமிடத்தில் தென் கொரியாவின் லீ சுன் சூ பந்துடன் ஜெர்மனியின் பெனால்டி பகுதியை நோக்கி விரைந்தபோது, ஜெர்மனியின் நடுக்கள வீரர் மைக்கேல் பல்லாக் அவரை வீழ்த்தித் தாக்குதலை அங்கேயே நிறுத்தினார். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அந்தத் தொடரில் பல்லாக் ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை பெற்றிருந்ததால், ஜெர்மனி இறுதிக்குப் போனாலும் தாம் அதில் ஆட முடியாது என்பது அவருக்கு அந்த நொடியிலேயே தெரிந்திருக்கும். தென் கொரியாவுக்குக் கிடைத்த ஃப்ரீ கிக்கால் பயன் எதுவும் விளையவில்லை. நான்கு நிமிடம் கழித்து, வலப்பக்கத்திலிருந்து சக வீரர் நொய்வில் அனுப்பிய பந்தை அதே பல்லாக் கோலை நோக்கி உதைத்தார். கோல்கீப்பர் தடுத்ததும், திரும்பி வந்த பந்தை இடக்காலால் வலைக்குள் தள்ளினார். ஜெர்மனி 1-0 என வென்று இறுதிக்குச் சென்றது.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பல்லாக்கின் தியாகத்தைத்தான் பேசுகிறார்கள். இறுதியில் ஆட முடியாது என்று தெரிந்தும் அணிக்காக அந்தத் தவற்றைச் செய்தார் என்று அன்றைய ஜெர்மனியப் பயிற்சியாளர் ரூடி ஃபோலரும் அவரைப் பாராட்டினார். அந்தப் பாராட்டில் உண்மை உண்டு, அவர் பெரிய வீரர் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அரையிறுதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது வேறொரு கணக்கு. தவற்றால் நட்டப்பட்டது தென் கொரியா. தண்டனையால் பயனடைந்ததோ, ஐந்து நாள் கழித்து யோகோஹாமாவில் பல்லாக் இல்லாத ஜெர்மனியை 2-0 என வென்ற பிரேசில். நட்டப்பட்டவர்களுக்கு எட்டாமல், அந்தத் தவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத மூன்றாமவருக்குப் போய்ச் சேர்ந்த தண்டனையை நீதி என்று எப்படிச் சொல்வது? பல்லாக் அந்த 71ஆவது நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் பக்கக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்தால், 75ஆவது நிமிடத்தில் கோலடிக்க அவர் களத்தில் இருந்திருக்க மாட்டார். அதே சமயம் இறுதி ஆட்டத்தில் ஆடும் வாய்ப்பையும் இழந்திருக்க வேண்டியதில்லை. கடன் பட்ட இடத்திலேயே கடன் தீர்ந்திருக்கும்.

அதற்குப் பின் நிலைமை மாறியது உண்மைதான், ஆனால் எதிர்த்திசையில் மாறியது. ஒற்றை மஞ்சள் அட்டைகளால் நல்ல வீரர்கள் இறுதி ஆட்டத்தை இழப்பது பார்வையாளர்களுக்கும் இழப்பு என்ற எண்ணத்தில், 2010 உலகக் கோப்பை முதல் காலிறுதியோடு அதுவரையிலான ஒற்றை அட்டைகள் அழிக்கப்படுகின்றன. அந்த மாற்றத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் விளைவாக இன்று அரையிறுதியில் பல்லாக் செய்த அதே தவற்றை ஒருவர் செய்தால், அவர் இறுதி ஆட்டத்தையும் இழக்க மாட்டார். பழைய தண்டனை தவறான ஆளுக்குப் பயன் தந்தது என்றால், இப்போதைய தண்டனை அநேகமாக எவருக்குமே பயன் தருவதில்லை.

மஞ்சள் அட்டை பிறந்த கதையையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிய அர்ஜென்டினாவின் கேப்டன் அந்தோனியோ ரத்தீன் வெளியேற்றப்பட்டார். ஜெர்மானிய நடுவருக்கும் அவருக்கும் பொதுமொழி இல்லாததால் அவர் நெடுநேரம் களத்தை விட்டு நகரவில்லை. அந்தத் தொடரில் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன், யாருக்கு எச்சரிக்கை, யாருக்கு வெளியேற்றம் என்பதை எந்த மொழிக்காரரும் புரிந்துகொள்ள ஒரு வழி தேடினார். போக்குவரத்து விளக்கின் நிறங்களிலிருந்து அட்டை யோசனை வந்தது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. ஆக, மஞ்சள் அட்டை ஒரு புதிய தண்டனையாக வந்ததன்று. 'உன்னை எச்சரித்துவிட்டேன்' என்ற பழைய வாக்கியத்துக்குக் கிடைத்த கண்ணுக்குத் தெரியும் வடிவம் அது. எச்சரிக்கை என்பது அடுத்த தவற்றைப் பற்றியது. நடந்து முடிந்த தவற்றைப் பற்றி அது ஒன்றும் செய்வதில்லை. கால்பந்தின் தண்டனைப் படிக்கட்டில் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் இடையே வேறு படியே இல்லை: ஒன்று ஒருவரை எச்சரித்து அப்படியே ஆடவிட வேண்டும், அல்லது ஆட்டம் முழுவதுக்கும் வெளியேற்றி எஞ்சிய நேரமெல்லாம் அணியைப் பத்துப் பேராக்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் தடுப்பாட்டக்காரர்கள் காலங்காலமாகக் குடியிருக்கிறார்கள். நான் இதை வெளியிலிருந்து சொல்லவில்லை. கல்லூரிக் காலத்தில் நடுத்தடுப்பில் ஆடியவன் நான், என் வேகமும் பெரிதன்று. எங்கள் பயிற்சியாளர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடங்களுள் ஒன்று, வேகமான எதிரணி வீரர் நம்மைக் கடந்துவிட்டால் நடுக்கோட்டுக்கு அருகிலேயே சட்டையைப் பிடித்துவிட வேண்டும், பெனால்டி பகுதி வரை விட்டுவிடக் கூடாது என்பது. கோலிலிருந்து தொலைவில் பிடித்தால் மஞ்சள் அட்டையோடு போய்விடும், கோலுக்கு அருகில் பிடித்தால் சிவப்பு அட்டை வரலாம் என்று அவர் விதியைத் துல்லியமாக விளக்கினார். அவர் சொன்னதில் விதிமீறலும் விதியறிவும் ஒன்றாகவே இருந்தன. ஓர் ஆட்டத்தில் 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது அப்படியே செய்தேன். எதிரணியின் மெலிந்த முன்கள வீரன் ஒருவன் பந்தைத் தட்டிவிட்டு என்னைத் தாண்டி ஓடினான். முன்னால் ஒரே ஒருவர்தான் இருந்தார். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினேன். மஞ்சள் அட்டை வாங்கினேன், சக வீரர்கள் என் முதுகில் தட்டினார்கள், எதிரணி ஃப்ரீ கிக்கைக் கூட்டமான தடுப்புக்குள் அடித்து வீணாக்கியது, நாங்கள் வென்றோம். அந்தப் பையன் அன்று எழுந்து என்னிடம் சண்டை போடவில்லை, நடுவரைப் பார்த்துக் கையை விரித்தான், அவ்வளவுதான். அந்த ஓட்டம் அவனுடைய ஆட்டத்திலேயே அழகான நொடியாக இருந்திருக்கும் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அதை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை.

தவறு செய்தவரைச் சில நிமிடம் மட்டும் களத்துக்கு வெளியே நிறுத்தும் தற்காலிக வெளியேற்றம் என்பது ஏதோ வெளியிலிருந்து திணிக்கப்படும் அந்நியக் கருத்து என்று எண்ணுபவர்கள், அது கால்பந்து விதிப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அறிந்தால் வியக்கக்கூடும். 1886இல் தொடங்கப்பட்டு இன்றும் விதிகளை வகுத்துவரும் சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம், 2017ஆம் ஆண்டு இளையோர், மூத்தோர், மாற்றுத்திறனாளர், அடிமட்ட நிலை ஆட்டங்களில் தேசியச் சங்கங்கள் விரும்பினால் இதைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்து, வழிகாட்டு நெறிகளையும் வெளியிட்டது. வெளியே இருக்கவேண்டிய நேரம் மொத்த ஆட்டநேரத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதம். தொண்ணூறு நிமிட ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் என்பது வழக்கமான அளவு. எல்லா மஞ்சள் அட்டைக் குற்றங்களுக்கும் பயன்படுத்துவது ஒரு முறை, குறிப்பிட்ட சில குற்றங்களுக்கு மட்டும் பயன்படுத்துவது இன்னொரு முறை. நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு இரு கைகளையும் நீட்டி, அந்த வீரர் போய் நிற்கவேண்டிய இடத்தைச் சுட்டுவார். அந்த வீரருக்குப் பதில் வேறொருவரை அந்த நேரத்தில் இறக்க முடியாது. ஆட்டம் மீண்டும் தொடங்கும்போதுதான் கடிகாரம் தொடங்கும். நேர விரயம் நடந்தால் நடுவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முதல் பாதி முடியும்போது தண்டனை நேரம் மிச்சமிருந்தால் அது இரண்டாம் பாதியில் தொடரும். இவ்வளவும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. உயர்மட்ட ஆட்டங்களுக்குள் மட்டும்தான் அது நுழையவில்லை.

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2017-18, 2018-19 ஆகிய இரு பருவங்களில் அடிமட்ட நிலையில் உள்ள 31 லீக்குகளில் இதைச் சோதித்தது. நடுவரிடம் வாக்குவாதம் செய்யும் குற்றத்துக்கு மட்டும் பத்து நிமிட வெளியேற்றம். அந்த லீக்குகளில் வாக்குவாதக் குற்றங்கள் மொத்தமாக 38 சதவீதம் குறைந்தன என்று சங்கம் அறிவித்து, 2019-20 பருவம் முதல் அடிமட்ட நிலை முழுவதற்கும் அதை விரிவாக்கியது. ஒரு விதிமாற்றம் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு தெளிவான பலனைத் தருவது அரிது.

அந்தப் பலன் எனக்கு வியப்பளிக்கவில்லை, ஏனென்றால் அதன் சிறு மாதிரி ஒன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நடத்திய இளையோர் போட்டி ஒன்றில் நடுவராக நின்றேன். வாக்குவாதம் செய்பவரை ஆறு நிமிடம் வெளியே நிறுத்தலாம் என்று அமைப்பாளர்கள் முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், நான் கொடுத்த ஆஃப்சைடு தீர்ப்பு பிடிக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி என்னைத் திட்டினான். வெளியே அனுப்பினேன். முதல் ஒரு நிமிடம் பக்கக்கோட்டில் நின்று முறைத்துக்கொண்டிருந்தான். அவன் அணி பின்வாங்கித் திணறத் தொடங்கியதும் முகம் மாறிவிட்டது. "சார், இன்னும் எத்தனை நிமிஷம்?" என்று மூன்று முறை கேட்டான். திரும்ப உள்ளே வந்தபோது அவனுடைய கேப்டன் அவன் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் ஆட்டம் முடியும் வரை அந்தப் பையன் ஒரு சொல்கூடப் பேசவில்லை. வெறும் மஞ்சள் அட்டை மட்டும் காட்டியிருந்தால், அவன் இன்னும் இரண்டு நிமிடம் என்னோடு வாதாடியிருப்பான். இரண்டாவது மஞ்சள் அட்டை காட்ட எனக்கும் மனம் வந்திருக்காது. பதினைந்து வயதுப் பையனை ஒரு கோபச் சொல்லுக்காக ஆட்டத்தை விட்டே அனுப்ப எந்த நடுவருக்குத்தான் மனம் வரும்?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தற்காலிக வெளியேற்றத்தின் பலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். குற்றத்தை விடத் தண்டனை பெரிதாக இருக்கும்போது நடுவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேர விதியே இதற்குச் சான்று. ஆறு நொடிக்கு மேல் வைத்திருந்தால் பெனால்டி பகுதிக்குள் மறைமுக ஃப்ரீ கிக் என்று விதி சொன்னது. அது மிகக் கடுமையாகத் தோன்றியதால் நடுவர்கள் அதை ஏறக்குறைய மறந்தே போனார்கள், கோல்கீப்பர்கள் பந்தை அணைத்துக்கொண்டு புல்லில் படுத்திருந்தார்கள். 2025-26 பருவத்தில் அது எட்டு நொடியாகவும், தண்டனை கார்னர் கிக்காகவும் மாற்றப்பட்டது. கடைசி ஐந்து நொடிகளை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுகிறார். தண்டனையின் அளவு குறைந்தது, அதைக் கொடுக்கும் துணிவு கூடியது. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்று நான் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

எனினும் வாக்குவாதத்தையும், எதிரணியின் தாக்குதலை வேண்டுமென்றே மறிக்கும் தந்திர ஃபவுலையும் ஒரே கூடையில் போடுவது சரியன்று. உயர்மட்ட ஆட்டத்தில் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்துவதைக் கட்டுப்படுத்த வேறு எளிய வழிகளும் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில், வாக்குவாதம் செய்தால் ஃப்ரீ கிக்கைப் பத்து கஜம் முன்னே நகர்த்தும் முறையைச் சோதித்துப் பின்னர் கைவிட்டார்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில், கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து விளக்கம் கேட்கலாம் என்று அறிவித்தார்கள்; நடுவரைச் சுற்றிப் பத்துப் பேர் முண்டும் காட்சி அந்தத் தொடரில் கண்கூடாகக் குறைந்தது, அதன் பிறகு அந்த முறை மற்ற போட்டிகளுக்கும் பரவியது. எனவே வாக்குவாதத்துக்கு அடிமட்டத்தில் தற்காலிக வெளியேற்றமும் மேல்மட்டத்தில் கேப்டன் விதியும் போதும் என்று ஒருவர் வாதிட்டால், நான் பெரிதாக மறுக்க மாட்டேன்.

தந்திர ஃபவுலுக்கோ அப்படி ஒரு மாற்றுவழி இல்லை. 2021 ஜூலை 11 அன்று வெம்ப்ளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி எல்லோருக்கும் நினைவிருக்கும். 1-1 என்ற நிலையில், முழுநேரத்துக்குப் பின் சேர்க்கப்பட்ட நிமிடங்களில், இங்கிலாந்தின் புக்காயோ சாக்கா பக்கக்கோட்டருகே ஜார்ஜோ கியெல்லினியைத் தாண்டிப் பந்தோடு ஓட முயன்றார்; கியெல்லினி அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக் கீழே சாய்த்தார். மஞ்சள் அட்டை. கோலிலிருந்து வெகுதொலைவு என்பதால் விதிப்படி அதற்கு மேல் நடுவர் எதுவும் செய்ய முடியாது. அது தொடரின் கடைசி ஆட்டம், எனவே அந்த அட்டையைச் சுமந்து செல்ல அடுத்த ஆட்டமும் இல்லை. இத்தாலி பெனால்டிகளில் கோப்பையை வென்றது. அந்தப் படம் உலகெங்கும் பரவி, கெட்டிக்காரத்தனத்தின் சின்னமாகவே கொண்டாடப்பட்டது. கியெல்லினியை நான் பழிக்கவில்லை. விதி விற்ற விலைக்கு அவர் வாங்கினார். அந்த விலையில் விற்பதுதான் தவறு. தற்காலிக வெளியேற்றம் இருந்திருந்தால், கூடுதல் நேரத்தின் முதல் பகுதியில் பெரும்பங்கை இத்தாலி பத்துப் பேரோடு ஆடியிருக்கும், அதுவும் தன் தடுப்பின் தலைவர் இல்லாமல். அந்தக் கணக்கு தெரிந்திருந்தால் கியெல்லினியின் கை அந்தக் காலருக்குப் போயிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

'தந்திர ஃபவுல் எது என்று யார் தீர்மானிப்பது?' என்ற மறுப்பை அடிக்கடி கேட்கிறேன். இதற்கு விதிப் புத்தகத்திலேயே விடை இருக்கிறது. நல்ல வாய்ப்புள்ள தாக்குதலைத் தடுக்கும் ஃபவுலுக்கு மஞ்சள் அட்டை என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. அந்த மதிப்பீட்டை நடுவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். பந்தை ஆட முயன்று தவறியவரையும், பந்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஆளைப் பிடித்தவரையும் பிரித்துப் பார்க்கும் அளவுகோலும் 2016 முதல் இருக்கிறது: பெனால்டி பகுதிக்குள் தெளிவான கோல் வாய்ப்பைத் தடுத்தவர் பந்தை ஆட முயன்றிருந்தால் மஞ்சள், பிடித்தோ இழுத்தோ தள்ளியோ தடுத்திருந்தால் சிவப்பு. இவ்விரண்டையும் சேர்த்தாலே போதும். நல்ல வாய்ப்புள்ள தாக்குதலை, பந்தை ஆடும் முயற்சியே இல்லாமல், பிடித்து இழுத்துத் தடுத்தால் பத்து நிமிடம். பந்தை நோக்கிக் காலை நீட்டி ஒரு நொடி தாமதமாகப் போனவருக்குப் பழையபடி மஞ்சள் மட்டும். நேர்மையாகத் தவறியவரையும் திட்டமிட்டு மறித்தவரையும் ஒரே அட்டையால் நடத்துவதை இப்போதாவது நிறுத்தலாம்.

வலுவான மறுப்பு வேறொன்று, அதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பத்துப் பேராகிவிட்ட அணி, அந்தப் பத்து நிமிடமும் தன் பெனால்டி பகுதிக்குள் சுருண்டுகொண்டு, பந்தை எல்லைக்கு வெளியே அடித்து, ஒவ்வொரு த்ரோவுக்கும் நேரத்தை இழுத்து, ஆட்டத்தையே கொன்றுவிடும் என்பது அது. டாட்டன்ஹாம் அணியின் பயிற்சியாளராக இருந்தபோது ஆஞ்சி போஸ்டெகோக்லூ இதே காரணத்தைச் சொல்லிக் கடுமையாக எதிர்த்தார். தற்காப்பை வெறுக்கும் தாக்குதல் பயிற்சியாளர் ஒருவரே இதைச் சொல்வதால் அந்தக் கவலைக்கு எடை உண்டு. ரக்பியில் பத்து நிமிட மஞ்சள் அட்டையின்போது ஆள் குறைந்த அணி ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கப் பார்ப்பதை யாரும் காணலாம். ஆனால் இதில் ஒரு முரணும் இருக்கிறது. தந்திர ஃபவுலால் கொல்லப்படும் தாக்குதல்களை நாம் எண்ணுவதே இல்லை, ஏனென்றால் அவை நடக்காமலேயே போய்விடுகின்றன. வரப்போகும் மந்தமான பத்து நிமிடம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுக்கோட்டருகே செத்துப்போகும் எதிர்த்தாக்குதல்கள் தெரிவதில்லை. தண்டனை உண்மையிலேயே அஞ்சத்தக்கதாக இருந்தால் அந்த மந்தமான பத்து நிமிடங்கள் அடிக்கடி வராது.

மற்ற விளையாட்டுகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்பதைப் பார்க்கும்போது, கால்பந்து மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது என்று புரியவில்லை. ஹேண்ட்பாலில் இரண்டு நிமிட வெளியேற்றம் ஆட்டத்தின் இயல்பான பகுதி. ஐஸ் ஹாக்கியில் சிறு குற்றத்துக்கு இரண்டு நிமிடம். முன்பு அந்த இரண்டு நிமிடமும் முழுதாகக் கழிய வேண்டியிருந்தது, மான்ட்ரியால் கனடியன்ஸ் அணி அந்த நேரத்துக்குள் கோல்மேல் கோலாக அடித்துக் குவித்ததால், 1956 முதல் எதிரணி ஒரு கோல் அடித்ததும் வெளியே இருப்பவர் உள்ளே வரலாம் என்று திருத்தினார்கள். தண்டனை மிகையாகும்போது அதைச் செதுக்கிச் சரிசெய்ய முடியும் என்பதற்கு இது சான்று. களஹாக்கிதான் எனக்கு மிக நெருக்கமான ஒப்புமையாகத் தெரிகிறது: அங்கும் பதினொருவர், அங்கும் பரந்த புல்தரை ஆட்டமாகத் தொடங்கிய மரபு. பச்சை அட்டை அங்கே ஒரு காலத்தில் வெறும் எச்சரிக்கையாகத்தான் இருந்தது. பின்னர் அதை இரண்டு நிமிட வெளியேற்றமாக மாற்றினார்கள். மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். எச்சரிக்கை அட்டையை நேரத் தண்டனையாக மாற்றுவது ஒரு விளையாட்டைச் சிதைத்துவிடும் என்றால் ஹாக்கி இன்று சிதைந்திருக்க வேண்டும்; அது முன்னைவிட வேகமாகத்தான் ஆடப்படுகிறது.

இவை எல்லாவற்றையும் விட வீட்டுக்குள்ளேயே இருக்கும் சான்று, அணிக்கு ஐவர் ஆடும் உள்ளரங்கக் கால்பந்தான ஃபுட்சால். ஃபிஃபாவே நடத்தும் ஆட்டம் அது. அங்கே சிவப்பு அட்டை பெற்றவர் திரும்ப வர முடியாது, ஆனால் அவருடைய அணி இரண்டு நிமிடம் கழித்தோ, ஆள் குறைவாக இருக்கும்போது எதிரணி கோல் அடித்த பின்னோ வேறொருவரை இறக்கிக்கொள்ளலாம். அதாவது தனிமனிதரின் தண்டனையையும் அணியின் தண்டனையையும் பிரித்து, இரண்டுக்கும் வெவ்வேறு நீளம் கொடுக்கலாம் என்று ஃபிஃபாவுக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் 2024இல் கதவு சாத்தப்பட்டது. 2023 நவம்பரில் விதி வாரியம், வாக்குவாதத்துக்கும் குறிப்பிட்ட தந்திரக் குற்றங்களுக்கும் மேல்நிலை ஆட்டங்களில் தற்காலிக வெளியேற்றத்தைச் சோதிக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. மறு பிப்ரவரியில் தற்காலிக வெளியேற்றத்துக்கென நீல அட்டை ஒன்று வரப்போகிறது என்று செய்தி பரவியது. அவ்வளவுதான், பேச்சு முழுவதும் அட்டையின் நிறத்தைப் பற்றியதாகிவிட்டது. ஃபிஃபா தலைவர் ஜியானி இன்ஃபான்டினோ நீல அட்டைக்கே சிவப்பு அட்டை என்று சொல்லித் தள்ளினார். ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரும் எதிர்த்தார். மார்ச் மாதம் ஸ்காட்லாந்தில் கூடிய வாரியம், சோதனைகள் கீழ்நிலை ஆட்டங்களோடு நிற்கட்டும் என்று முடிவு செய்தது. அந்த வாரியத்தில் மொத்தம் எட்டு வாக்குகள். நான்கு பிரிட்டனின் நான்கு சங்கங்களுக்கு, நான்கு ஃபிஃபாவுக்கு. விதியை மாற்ற ஆறு வேண்டும். ஃபிஃபா விரும்பாத எதுவும் நிறைவேறாது. எனக்கு இதில் வருத்தம் என்னவென்றால், ஒரு நிறத்தின் பெயரால் ஒரு நல்ல யோசனை விவாதிக்கப்படாமலேயே போனது. நீல அட்டை தேவையே இல்லை. மஞ்சள் அட்டையும் நடுவரின் நீட்டிய கைகளும் போதும். அடிமட்ட ஆட்டங்களில் அப்படித்தான் நடக்கிறது.

தற்காலிக வெளியேற்றத்தால் தீராதவற்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2020 ஜனவரியில் ஜெட்டாவில் நடந்த ஸ்பானிஷ் சூப்பர் கோப்பை இறுதியின் 115ஆவது நிமிடத்தில், தனியாகக் கோலை நோக்கி ஓடிய அல்வாரோ மொராட்டாவை ரியல் மாட்ரிட்டின் ஃபெதெரிகோ வால்வெர்தே பின்னாலிருந்து வீழ்த்தினார். சிவப்பு அட்டை வாங்கினார், அணி பெனால்டிகளில் வென்றது, ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் சிவப்பு அட்டைக்கே பல் இல்லை என்னும்போது, பத்து நிமிட வெளியேற்றத்துக்கு எங்கிருந்து வரும்? கடைசி நிமிடங்களில் செய்யும் தவற்றுக்குக் காலத்தால் அளக்கும் எந்தத் தண்டனையும் போதாது. அதற்கு ஃப்ரீ கிக்கின் இடத்தை மாற்றுவது போன்ற வேறு மருந்து வேண்டும். இன்னொரு அச்சமும் எனக்கு உண்டு. நடுப்படி ஒன்று வந்துவிட்டால், சிவப்பு அட்டை கொடுக்கவேண்டிய முரட்டுத் தாக்குதல்களுக்கும் நடுவர்கள் அந்தப் படியிலேயே நின்றுவிடக்கூடும். அண்மையில் ரக்பியில் சிவப்பு அட்டைக்குப் பின் இருபது நிமிடம் கழித்து மாற்று வீரரை இறக்கலாம் என்ற முறை வந்தபோது இதே கவலை எழுந்தது. ஆகவே, எதிராளியின் உடலுக்கு ஆபத்து விளைவிக்கும் எந்தக் குற்றத்தையும் இதன் அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. கணுக்காலை உடைக்கும் தாக்குதலுக்கு விலை பத்து நிமிடம் என்றாகிவிட்டால், இந்த மாற்றத்தை நானே எதிர்ப்பேன்.

கோல்கீப்பர் வெளியே போனால் என்ன செய்வது, ஒரே அணியில் இருவர் ஒரே நேரத்தில் வெளியே நின்றால் ஆட்டம் என்னவாகும், நேரத்தை யார் கணக்கிடுவது என்பன போன்ற கேள்விகளை நான் பெரிய தடைகளாகக் கருதவில்லை. கோல்கீப்பர் போனால் வேறொரு வீரர் கையுறை அணிவார். நான்காவது நடுவரும் மின்பலகையும் உள்ள ஆட்டங்களில் கடிகாரம் ஒரு சிக்கலே அன்று.

புதியவற்றை எங்கே சோதிப்பது என்பதும் ஃபிஃபாவுக்குத் தெரியாததன்று. பயிற்சியாளர்கள் தாங்களே காணொளி மறுபார்வை கோரும் முறையை 2024இல் கொலம்பியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பையில் சோதித்தார்கள். அடுத்து வரும் ஏதேனும் ஓர் இளையோர் உலகக் கோப்பையில், வாக்குவாதத்தை விட்டுவிட்டு, ஆளைப் பிடித்து இழுத்துத் தாக்குதலைத் தடுக்கும் ஃபவுலுக்கு மட்டும் பத்து நிமிடம் என்று அறிவித்துப் பார்க்கட்டும். அத்தகைய ஃபவுல்கள் முந்தைய தொடரைவிட எத்தனை குறைந்தன என்பதையும், வெளியேற்ற வேண்டிய இடத்தில் நடுவர்கள் எத்தனை முறை தயங்கினார்கள் என்பதையும், அந்தப் பத்து நிமிடங்களில் பந்து எவ்வளவு நேரம் உண்மையில் ஆட்டத்தில் இருந்தது என்பதையும் எண்ணட்டும். போஸ்டெகோக்லூ சொன்னது போல அந்த நிமிடங்கள் செத்துக் கிடந்தன என்று எண்கள் காட்டினால், பத்தை ஐந்தாகக் குறைத்து இன்னொரு தொடரில் பார்க்கட்டும்.